சிறு பிள்ளைகளும் ஞாயிறு திருப்பலியும்

கோவிலுக்குள் குழந்தை அழுதால் தாய் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது நம் பங்குகள் பலவற்றில் எழுதப்படாத சட்டமாக இருந்து வருகிறது. அவளைப் போகும்படி யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. முன்னால் அமர்ந்திருப்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் சற்றே நகர்ந்துகொள்வார். கோவிற்பிள்ளை தூணருகே வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். இவ்வளவே போதும். அந்தப் பெண் குழந்தையின் வாயை முந்தானையால் பொத்தியவளாய், தலையைக் குனிந்துகொண்டு, வாசலில் கிடக்கும் செருப்புகளுக்கிடையே வழி தேடி வெளியேறிவிடுவாள். திருப்பலி அவள் இல்லாமலே தொடரும்.

மூங்கில்துறைப்பட்டில் அப்படி வெளியேறும் தாய்மாருக்கு நிழல் தரக் கோவில் முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. நான் வீடு சந்திப்புக்குச் சென்றபோது இளந்தாய் ஒருத்தி அம்மரத்தைப் பற்றி என்னிடம் பேசினாள். "எனக்குக் கண்ணாலம் ஆயி ஒம்பது வருசம் ஆவுது சாமி. ஒரு பூசைகூட முழுசாப் பாத்ததில்ல. எங் கோயிலு அந்த வேப்பமரத்தடிதான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவன் ஓரிடத்தில் உட்காரப் பழகியபோது இரண்டாவது பிள்ளை தவழத் தொடங்கியது. அது அடங்கியபோது மூன்றாவது பிறந்தது. ஆண்டுக்கு 52 ஞாயிறு என்று கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் 468 ஞாயிற்றுக்கிழமைகள் ஆகின்றன. ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்த ஒரு கிறிஸ்தவப் பெண் இத்தனை ஞாயிறுகளாக நற்செய்தியைக் காதாரக் கேட்டதில்லை என்றால், அது அவள் குடும்பத்தின் சிக்கல் மட்டும் ஆகாது. பங்கு முழுவதின் சிக்கல்.

அந்த மரத்தடியில் தாய்மார் மட்டும் நிற்பதில்லை. பதினெட்டு, இருபது வயது இளைஞர் சிலரும் அங்கேதான் நிற்கின்றனர். மறையுரை தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராய் வெளியே வந்து, எழுந்தேற்றத்தின் மணி ஒலிக்கும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்ப்பர். இவர்களைக் கடிந்துகொள்ளாத பங்குத்தந்தை நம் நாட்டில் இருக்க முடியாது. ஆனால், இவர்களில் பலர் அவ்விடத்துக்கு முதன்முதலில் தாயின் இடுப்பில் அமர்ந்துதான் வந்திருப்பர். கோவிலில் தன் இடம் எது என்பதைக் குழந்தை பேசக் கற்பதற்கு முன்பே கற்றுக்கொள்கிறது.

"சின்னப் பிள்ளைக்குத் திருப்பலி என்ன விளங்கும்? ஞானோபதேச வகுப்புக்குப் போகும் வயது வரட்டும்" என்று பெரியோர் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வி புதியதன்று. ஒரு காலத்தில் நாடுகள் பலவற்றில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரையிலும் பிள்ளைகளுக்கு நற்கருணை கொடாமல் நிறுத்தி வைத்திருந்தனர். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் வெளியிடச் செய்த ஆணையால் இவ்வழக்கத்தை நிறுத்தினார். முழுமையான அறிவு வேண்டுமென்பதில்லை. ஏறத்தாழ ஏழு வயதில், தன் அறிவுக்கெட்டிய அளவில் விசுவாசத்தின் அடிப்படைகளை உணர்ந்து, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்தினின்று வேறுபடுத்தி அறிந்தால் போதும் என்றது அவ்வாணை. இன்று நம் பிள்ளைகள் மூன்றாம், நான்காம் வகுப்புப் படிக்கையில் வெள்ளுடை அணிந்து புதுநன்மை வாங்குவது அதனால்தான்.

அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றித் திருச்சபை தனியே பேசியது பின்னர்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், இறைமக்கள் அனைவரும் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் வழிபாட்டில் பங்கெடுக்க வேண்டுமென்று கேட்டது. அனைவரும் என்ற சொல்லுக்குள் நான்கு வயதுப் பிள்ளையும் அடங்குமா? அடங்கும் என்பதற்கு விளக்கமாக, இறைவழிபாட்டுப் பேராயம் 1973 நவம்பர் முதல் நாளில், சிறுவரோடு நிறைவேற்றும் திருப்பலிகளுக்கென்றே ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் சிறுவர் திருப்பலிக்கென மூன்று நற்கருணை மன்றாட்டுகளையும் உரோமை வழங்கியது. இவற்றில் மக்கள் இடையிடையே எழுப்பும் ஆர்ப்பரிப்புகள் மிகுதி. பிள்ளைகள் நெடுநேரம் வாய்மூடி நிற்க வேண்டியிராது.

அந்த வழிகாட்டி ஏடு சிறியதுதான். நான் குருமடத்தில் பயின்ற நாளில் திருவழிபாட்டு வகுப்பில் அதை ஒரே பாடவேளையில் முடித்துவிட்டோம். பங்குப் பணிக்கு வந்தபின்னரே அதன் அருமை தெரிகிறது. புரியாதவற்றையே ஆண்டுக்கணக்காகக் கோவிலில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆன்மீகத் தீங்கு நேரக்கூடும் என்று அது தொடக்கத்திலேயே அஞ்சுகிறது. உரோமை ஏடு ஒன்றில் இவ்வளவு வெளிப்படையான அச்சத்தைக் காண்பது அரிது. அடுத்து, திருப்பலியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது என்பதை அது சொல்லும் முறை என்னை மிகவும் கவர்ந்தது. கூடிச் செயல்படல், ஒருவரையொருவர் வாழ்த்தல், செவிசாய்த்துக் கேட்டல், மன்னிப்புக் கேட்டல், மன்னிப்பு அளித்தல், நன்றி சொல்லுதல், நட்புடன் கூடி உண்ணுதல், விழாக் கொண்டாடுதல் ஆகிய மனிதப் பண்புகளைப் பிள்ளை வாழ்க்கையில் பழகியிருக்க வேண்டும். இவற்றின்மேல்தான் திருப்பலி என்ற கட்டடம் எழும் என்கிறது.

அன்பார்ந்த பெற்றோரே, இவையெல்லாம் கோவிலில் கற்பிக்கக் கூடியவையா? வீட்டுக்கு வந்தவரைக் கைகூப்பி வரவேற்கப் பழகாத பிள்ளைக்குக் குருவானவர் பீடத்தில் நின்று வாழ்த்தும்போது மறுமொழி சொல்ல எங்ஙனம் தோன்றும்? தம்பியை அடித்துவிட்டு, "தப்புதான், இனிமே அடிக்கமாட்டேன்" என்று சொல்லி அவனோடு கைகோத்து அறியாத பிள்ளைக்கு, திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொள்வதன் பொருள் விளங்குமா? ஆயா சொல்லும் கதையைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்ட பிள்ளை வாசகத்தையும் கேட்கும். தந்தை தொலைக்காட்சிக்கு முன்னும், அண்ணன் கைப்பேசியோடு திண்ணையிலும், தாய் எல்லோரும் உண்டபின் அடுப்படியிலும் சாப்பிடும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கூட்டு விருந்து என்ற சொல்லை நான் எப்படி விளக்குவேன்? மறையுரையில் பத்து முறை சொன்னாலும் அது காற்றில் போகும் சொல்தான். வாரத்தில் ஒரு வேளையாவது வீட்டார் எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து உண்டால், பாதி மறைக்கல்வி அங்கேயே முடிந்துவிடும். கரும்பு வெட்டும் காலத்தில் இதுவும் எளிதன்று என்பதை அறிவேன்.

ஒரு வகையில் நம் தாய்மார் இப்பணியை எந்த ஏடும் வருமுன்னரே செய்து வந்திருக்கின்றனர். நம் வீடுகளில் எட்டு, ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்து, அதன் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்து, "சாமி கும்பிடு" என்று பழக்குவதைப் பாருங்கள். அக்குழந்தைக்கு அம்மா என்றுகூடச் சொல்லத் தெரியாது. ஆனால் திருக்குடும்பப் படத்தின் முன் கைகூப்பத் தெரியும். உடல் முதலில் கற்கிறது. அறிவு பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. இந்தியத் திருச்சபைக்கென 1969-ஆம் ஆண்டில் உரோமை ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்கள் இந்த உண்மையைத் தொட்டவை. தரையில் அமர்தல், காலணி கழற்றல், முழந்தாள் பணிவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்கல், முத்தம் செய்வதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளல், குத்துவிளக்கு, மலர்த்தட்டு, ஆரத்தி ஆகியவை அவற்றில் சில. இவற்றைப் பரப்புவதில் முன்னின்றவர் நம் உயர்மறைமாவட்டத்தின் மைந்தரும், 1967-இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் முதல் இயக்குநருமான தந்தை அமலோர்பவதாஸ். அந்நாளில் இத்தழுவல்களைப் பற்றிப் பெரியோரிடையே எழுந்த வாதங்கள் பல. ஆயினும், எந்தக் குழந்தையும் விளக்கேற்றுவதையோ, பூத்தட்டு ஏந்துவதையோ, வேதப்புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையோ எதிர்த்து வாதாடியதாகத் தெரியவில்லை. அது அவர்களுக்கு இயல்பாய் வரும் மொழி.

பிள்ளைகள் கற்பவர்களாக மட்டும் அல்லாமல் கற்பிப்பவர்களாகவும் இருக்கக் கூடும் என்பதை நம் மண்ணில் முதலில் கண்டவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542-ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோரின் துணையால் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை அரும்பாடுபட்டு மனப்பாடம் செய்து கொண்டு ஊர் ஊராகச் சென்றார். சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு, ஏதேனும் ஒரு செபத்தைக் கற்பிக்கும் வரை உண்ணவோ உறங்கவோ தம் கட்டளைச் செபத்தைச் சொல்லவோ விடுவதில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தாமே செல்ல இயலாதபோது அவர் அனுப்பியதும் அச்சிறுவர்களைத்தான். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி வைத்து, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நோயாளிக்காக மன்றாடினர். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் செபத்தை நம்பி ஒரு புனிதர் தம் மறைப்பணியில் பாதியை ஒப்படைத்தார் என்றால், நாம் அவர்களை நம்பிக் காணிக்கைத் தட்டையாவது ஒப்படைக்கலாமல்லவா?

இனி எங்கள் பங்கில் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

என் சிறுவயதில், நான் பிறந்த ஊரில், பிள்ளைகள் அனைவரையும் பீடத்தின் முன் தரையில் வரிசையாக உட்கார வைப்பர். பக்கவாட்டில் பிரம்போடு ஒருவர் நிற்பார். திரும்பினால் ஓர் அடி, பேசினால் இரண்டு. அமைதி நிலவியது உண்மைதான். ஆனால், திருப்பலியில் நடந்தது என்ன என்று கேட்டால் எங்களில் ஒருவனுக்கும் சொல்லத் தெரியாது. எங்கள் கண்ணெல்லாம் பிரம்பின்மேல் இருந்தது. ஆகையால், பிள்ளைகளை மந்தையாய்ச் சேர்த்து முன்னால் உட்கார வைக்க நான் உடன்படுவதில்லை. பிள்ளை தன் தாய் தந்தையரோடு அமர வேண்டும். தாய் தந்தையர் பிள்ளையோடு முன்னால் வர வேண்டும். இதுவே எங்கள் ஏற்பாடு. பின்வரிசையில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை பாருங்கள். அதன் கண்ணுக்குத் தெரிவது சேலைத் தலைப்புகளும் வேட்டி மடிப்புகளுமே. ஒன்றையும் காணாத பிள்ளை சிணுங்காமல் வேறென்ன செய்யும்? எனவே பீடத்துக்கு இடப்புறம், பக்கவாசலையொட்டி, முன்வரிசையில் பாய் விரித்துக் கைக்குழந்தைத் தாய்மாருக்கென ஒதுக்கினோம். குழந்தை மிகவும் அழுதால் பக்கவாசல் வழியே இரண்டடி வெளியே போய், அழுகை நின்றதும் உள்ளே வந்துவிடலாம். யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. செருப்புகளைத் தாண்ட வேண்டியதுமில்லை. முதல் மாதம் ஒருத்தியும் அப்பாயில் உட்காரவில்லை. முன்னால் போய் உட்காரக் கூச்சம். பங்குப் பேரவையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு துணிந்து அமர்ந்த பின்னரே மற்றவர்கள் வந்தனர். பாயைக் கோவில் விரித்தது. ஆளைக் கொண்டுவந்தவர் அந்த ஆயாதான்.

நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு வழி செய்தோம். தொடக்கச் செபம் முடிந்ததும் அவர்கள் மறைக்கல்வி ஆசிரியை ஒருவருடன் பக்கத்துத் தாழ்வாரத்துக்குச் செல்கின்றனர். ஒரு சிறுமி விளக்கும் ஒரு சிறுவன் வாசகப் புத்தகமும் ஏந்திப் போவர். அங்கே அவர்களுக்கு அன்றைய நற்செய்தி வாசிக்கப்பட்டு, அவர்கள் மொழியில் விளக்கப்படும். காணிக்கைப் பவனியின்போது அப்பத்தையும் இரசத்தையும் ஏந்திக்கொண்டு அவர்களே கோவிலுக்குள் திரும்பி வருவர். வழிகாட்டி ஏடு இதற்கு இடம் தருகிறது. ஆனால் இரு நிபந்தனைகளும் உண்டு. வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் எக்காரணத்தாலும் விடக்கூடாது. வேதவாக்கியத்தைத் தம் விருப்பம்போல் மாற்றிச் சொல்வதும் தவிர்க்கத்தக்கது. இவ்வேற்பாட்டைக் கண்டு, "இது கோயிலா, பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்தவரும் இருந்தனர். மாதம் இருமுறை மட்டுமே இப்படிச் செய்வதென்றும், மற்ற ஞாயிறுகளில் பிள்ளைகள் முழுத் திருப்பலியிலும் பெற்றோருடன் இருப்பதென்றும் முடிவு செய்தோம். பெரியவர்களோடு சேர்ந்து நிற்பதும் பிள்ளைகளுக்குக் கல்விதானே.

அரவைப் பருவத்தில் எங்கள் கூட்டம் மாறிவிடும். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இவ்வூரில் இருப்பதை வாசகர் பலர் அறிவர். ஆலை ஓடும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் இரவு பகலாய்ச் சாலையை நிறைத்திருக்கும். வெட்டுவதற்கு வெளியூர்களிலிருந்து வரும் குடும்பங்களில் நம் மக்களும் உண்டு. அவர்களுக்காக அம்மாதங்களில் ஞாயிறு திருப்பலியை விடியுமுன் வைத்துக்கொள்கிறோம். தாய் தந்தையர் அங்கிருந்து நேரே தோட்டத்துக்குப் போய்விடுவர். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு, கையிலும் காலிலும் சோகை கீறிய கோடுகளோடு வந்து நிற்பர். இவர்களில் சிலருக்குச் சிலுவை அடையாளம்கூடத் தெரியாது. ஊர் ஊராய் அலையும் பிள்ளைக்கு எந்தப் பங்கு மறைக்கல்வி தரும்? ஒருநாள் இடக்கையால் சிலுவை வரைந்துகொண்டிருந்த ஒரு பையனின் கையை, உள்ளூர்ச் சிறுமி ஒருத்தி, ஆறு வயதிருக்கும், பட்டென்று பிடித்து இறக்கி, வலக்கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். பின் அவனோடு சேர்ந்து தானும் ஒருமுறை மெதுவாக வரைந்து காட்டினாள். நான் தொடக்கச் செபத்தைச் சற்றுத் தாமதித்தேன். பருவம் முடிந்து குடும்பங்கள் திரும்பும் வாரத்தில் காணிக்கைப் பவனியில் இக்குழந்தைகளே இரண்டு முழுக்கரும்புகளைத் தோளில் சுமந்து வருவது இப்போது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தந்தையின் உழைப்பு பீடத்தின் முன் வைக்கப்படுவதை அப்பிள்ளை காண்கிறது, தந்தையும் காண்கிறார்.

நாங்கள் செய்ய மறுப்பவையும் சில உண்டு. பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பதென்றால் திருப்பலியைப் பள்ளி ஆண்டு விழாவாக மாற்றிவிடுவது என்று சிலர் எண்ணுகின்றனர். ஒலிவாங்கியைக் குழந்தையின் கையில் கொடுத்து, நெட்டுருப் போட்ட மன்றாட்டை ஒப்பிக்கச் செய்து, முடிந்ததும் கைதட்டுவது எனக்கு உவப்பானதன்று. கைதட்டலுக்குப் பழகிய பிள்ளை, கைதட்டல் கிடைக்காத ஞாயிறன்று யாரை நோக்கி வேண்டும்? தங்கள் மகள் பூத்தட்டு ஏந்தி வரும்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே பின்னோக்கி நடந்து வரும் தந்தையரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை பீடத்தைப் பார்ப்பதா, உங்களைப் பார்ப்பதா? அழும் குழந்தையின் கையில் அதே கைப்பேசியைத் திணித்துப் படம் காட்டி அமர்த்துவதும் இன்று பரவி வருகிறது. அதைவிட அக்குழந்தை அழுதுகொண்டே இருக்கலாம். அழும் குழந்தை கோவிலில் இருக்கிறது. படம் பார்க்கும் குழந்தை அங்கே இல்லை.

அழுகையைப் பற்றி மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பேசியவற்றை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வழங்கியபோது, பசித்து அழும் குழந்தைகளுக்கு அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டாமென்று தாய்மாரிடம் சொன்னார். குழந்தைகளின் அழுகுரலை நல்லதொரு மறையுரை என்றும் பலமுறை போற்றினார். மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே அமர்ந்து பாலூட்டலாம் என்றால், மூங்கில்துறைப்பட்டுக் கோவிலின் ஓட்டுக்குக் கீழே ஊட்டக் கூடாதா? மறையுரையைப் பொறுத்தமட்டில், நான் கடிகாரம் பார்ப்பதில்லை. முன்வரிசைப் பாயிலிருக்கும் கைக்குழந்தைகள் எனக்கு நேரம் சொல்லிவிடுவார்கள்.

பிள்ளைகளால் அமைதியாயிருக்க முடியாது என்பதும் பாதி உண்மைதான். எதற்காக அமைதி என்று சொன்னால் அவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு படுக்குமுன் பிள்ளையிடம் ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்பும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டேன். நாளைக்குச் சாமி என்ன நிற உடுப்பு போட்டிருப்பார், பார்த்து வந்து சொல். அப்பத்தைத் தூக்கும்போது மணி எத்தனை முறை அடிக்கிறது, எண்ணி வந்து சொல். இயேசு இன்றைக்கு யாரிடம் பேசினார், கேட்டு வந்து சொல். தேடிப் பார்க்க ஒன்றிருந்தால் பிள்ளையின் கண் அலையாது. பச்சை உடுப்பு ஊதாவாக மாறிய ஞாயிறன்று வாசலில் என் அங்கியைப் பிடித்து இழுத்து, "ஏன் சாமி மாத்திட்டீங்க?" என்று கேட்ட ஐந்து வயதுப் பையனுக்கு நான் திருவழிபாட்டு ஆண்டு முழுவதையும் அங்கேயே நின்று விளக்க நேர்ந்தது.

இவை அனைத்தினும் கடினமான ஒன்று எங்கள் முன் இருக்கிறது. பேச்சு வராத எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் பங்கில் உண்டு. கேட்கிறாள், ஆனால் பேச்சு இல்லை, மகிழ்ந்தால் உரக்கக் கூவுவாள். வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லையென்று மருத்துவர்கள் கூறியிருக்கின்றனர். பாடல் எழும்போதெல்லாம் அவள் கூவுவாள் என்பதால் தாய் நெடுங்காலம் கோவிலின் சன்னலுக்கு வெளியே நின்றே திருப்பலி கண்டு வந்தாள். பக்கவாசல் பாய் வந்தபின் உள்ளே வந்தார்கள். மக்கள் சில வாரம் திரும்பிப் பார்த்தனர், பிறகு பழகிவிட்டனர். இப்போது புதுநன்மை வகுப்பில் அவளைச் சேர்க்க வேண்டுமென்று தாய் கேட்டபோது, அவள் வீட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. "ஒண்ணும் புரியாத புள்ளைக்கு எதுக்கு சாமி நன்ம? பாவமில்லையா?" என்று அவளுடைய ஆயா என்னிடம் கேட்டார். அவர் கேட்டது பக்தியினால்தான். நற்கருணைக்கு அவமதிப்பு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம்.

நான் விவாதிக்கவில்லை. சில வாரங்கள் அவளைக் கவனித்துச் சொல்லும்படி ஆயாவிடமே கேட்டுக்கொண்டேன். வீட்டில் யார் ரொட்டி கொடுத்தாலும் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும் அச்சிறுமி, நற்கருணை நேரத்தில் தாயோடு வரிசையில் வரும்போது கைநீட்டுவதில்லை. தாய் வாங்கும்வரை அசையாமல் நிற்கிறாள். பின் தன் இரு கைகளையும் கூப்பி, தலையைத் தாழ்த்தி, ஆசீருக்காகக் காத்திருக்கிறாள். எழுந்தேற்றத்தின்போது, பாட்டுக்கெல்லாம் கூவும் அவள் வாய் திறப்பதில்லை. இதை முதலில் கண்டு வந்து சொன்னவர் அந்த ஆயாதான். பத்தாம் பத்திநாதர் கேட்ட அந்த ஒன்று, இந்த அப்பம் மற்ற அப்பத்தைப் போன்றதன்று என்ற அறிவு, அவளிடம் இருக்கிறதா இல்லையா என்று நான் அவரைக் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அவ அம்மாவுக்கு முன்னாடி எனக்குத்தான் தெரியும் சாமி" என்றார்.

வகுப்பில் அவள் முதல் வரிசையில் உட்காருகிறாள். கேள்விகளுக்கு அவளால் விடை சொல்ல இயலாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் செபம் சொல்லும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு, ஆமென் வரும் இடத்தில் தலையசைக்கிறாள். நன்மை வாங்கும் பழக்கத்துக்காக அர்ச்சிக்காத அப்பத்துண்டைக் கொடுத்தபோது முதல் முறை துப்பிவிட்டாள். இரண்டாம் முறை நாவில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். நன்மை நாளன்று வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் யார் நிற்பது என்பதில் மற்றப் பிள்ளைகளிடையே போட்டி நடந்து, திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்த்திருக்கிறோம். வெள்ளுடைக்குத் துணியெடுக்கச் சங்கராபுரம் போன ஆயா, கழுத்து உறுத்தினால் இழுத்துக் கிழித்துவிடுவாள் என்று பின்னல் வேலையில்லாத மெல்லிய பருத்தித் துணியாகத் தேடி வாங்கி வந்திருக்கிறார்.